பதினோராம் பக்கத்துத் துணைத்தேற்றம்

மிலான்
14 நவம்பர் 1976

அன்புள்ள இவோவுக்கு,

நானும் என் வயிறும் நலம். வயிறு நலம் என்றால் நீ நம்ப மாட்டாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? டென்மார்க்கில் அதற்குள் பனி கொட்ட ஆரம்பித்திருக்கும். கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள், பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். கிடைத்துவிட்டது! நீ இங்கே இருந்தபோது முட்டி மோதிவிட்டு மூலையில் போட்டாயே, அதே கேள்விதான். முன்னுரிமை இலக்கணங்களின் குடும்பத்திலிருந்து இரண்டு கணினி மொழிகளை எடுத்துக்கொள். ஒன்றின் வாக்கியத்து வாலில் மற்றதன் வாக்கியத்தை ஒட்டு, நடுவில் புள்ளிகூட வைக்காதே. ஒட்டிப் பிறக்கும் மொழியும் அதே குடும்பத்தில்தான் இருக்கும். இருபத்துமூன்று பக்கம். இத்துடன் பிரதி வைத்திருக்கிறேன்.

பேராசிரியர் மால்வெஸ்தீத்தி என் அறைக்கே வந்து, "மிரெல்லா, இதை வெச்சுத்தான் உங்க வேலை நிரந்தரமாகப் போகுது, பாருங்க" என்றார். மே மாதம் தேர்வுக்குழு கூடுகிறது. இடம் ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி அலுவலக வாசலில் நிற்கிற பிழைப்பு அதோடு ஒழியும். எனக்கு வயது முப்பத்திரண்டு, இவோ. இனிமேல் நிற்க முடியாது.

நம் துறை வழக்கம் உனக்குத் தெரியும். பிரதி சுற்றுக்குப் போகும். குறிப்பு எதுவும் இல்லாமல் திரும்பினால் சரி என்று அர்த்தம். நீயும் அப்படியே பார். அன்றைக்குக் கருத்தரங்கில் நடந்ததை நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்துவிடு.

உன் அக்கா,
மிரெல்லா

ஓர்ஹுஸ்
19 டிசம்பர் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தையும் உன் வயிற்றின் நலத்தையும் அறிய ஆவல். இருமல் வாசலில் நிற்கிறது, உள்ளே வரவில்லை. துண்டு கழுத்தில்தான் இருக்கிறது.

பிரதி கிடைத்தது. படித்தேன். எழுத்து தெளிவாக இருக்கிறது, முன்னுரை ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். எடுத்துக்காட்டுகளில் கூட்டல், பெருக்கல், அடுக்கு எல்லாம் வருகின்றன. அடைப்புக்குறி ஒன்றுகூட வரவில்லையே, ஏன்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, இங்கே வேலை இருக்கிறது. அம்மா அனுப்பிய பனெத்தோனே வந்து சேர்ந்தது. பக்கத்து அறைக்காரன் கொஞ்சம் தின்றுபார்த்து, "இது ரொட்டியா, கேக்கா?" என்றான். "சாப்பிடு, ஆராயாதே" என்றேன்.

என் வாழ்த்துகள்.

இவோ

ஓர்ஹுஸ்
9 ஜனவரி 1977

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடையில் அந்த உயரமான ஏணியில் ஏறிப் பொத்தான் பெட்டி எடுக்காதே என்று எத்தனை தடவை சொல்வது!

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அக்காவின் நிரூபணத்தில் தப்பு இருக்கிறது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். கணினிக்கு ஒரு வரிக் கணக்கைக் கொடுத்தால், எதை முதலில் செய்வது என்று அதற்குத் தெரிய வேண்டும். இந்தக் குடும்பத்து மொழிகளில் அது முழு வரியையும் பார்க்காது. அக்கம்பக்கத்தில் நிற்கும் இரண்டு குறிகளை மட்டும் பார்த்து, இடப்பக்கத்தது வலப்பக்கத்துக்கு வழிவிடுமா, முந்திக்கொள்ளுமா, இரண்டும் சேர்ந்தே போகுமா என்று ஓர் அட்டவணையில் தேடும். கூட்டலுக்குப் பின் பெருக்கல் வந்தால் கூட்டல் வழிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

அக்கா பதினோராம் பக்கத்தில் ஒரு துணைத்தேற்றம் வைத்திருக்கிறாள். முதல் குறி இரண்டாவதற்கு வழிவிட்டு, இரண்டாவது மூன்றாவதற்கு வழிவிட்டால், முதலாவது மூன்றாவதற்கும் வழிவிடும் என்று. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆட்களின் உயரத்தை அளந்தால் அப்படித்தான் வரும். இது உயரம் இல்லை. கூட்டல், திறக்கிற அடைப்புக்குறிக்கு வழிவிடும். அடைப்புக்குறி, தனக்குள் வருகிற கூட்டலுக்கு வழிவிடும். ஆனால் கூட்டலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கூட்டல் வந்தால் முதலாவது வழிவிடாது, முந்திக்கொள்ளும். எங்கள் துறைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. அந்த உறவுக்கு நாங்கள் போடும் அடையாளம் சிறியது-பெரியது அடையாளம் போலவே இருப்பதால், கை தானாக ஓடிவிடும். எனக்கும் ஓடியிருக்கிறது.

அந்தப் பக்கத்தின் மேல்தான் மிச்சப் பன்னிரண்டு பக்கமும் நிற்கின்றன. ஆனால் தேற்றம் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவும் இருக்கலாம். எனக்கே குழப்பமாக இருக்கிறது. காலையில் உண்மை என்று தோன்றுகிறது, மத்தியானம் ரொட்டி தின்றபின் பொய் என்று தோன்றுகிறது.

அவளிடம் சொல்லட்டுமா, வேண்டாமா?

உன் இவோ

லோதி
20 ஜனவரி 1977

என் செல்லம் இவோவுக்கு,

கால் வலிக்கிறது, ஏணியில் ஏறுகிறேன், வேறு யார் ஏறுவார்கள்? நீ நன்றாகச் சாப்பிடு. அந்த மீன் ஊறுகாயை மட்டும் தின்றுகொண்டு கிடக்காதே.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூட்டலுக்கு அடைப்பு வழிவிட்டால் என்ன, வழி மறித்தால் என்ன? எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரிந்தது இதுதான்: மறுபடியும் அவளுடைய தப்பைச் சொல்லப் போகிறாய்.

போன தடவை என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நாற்பது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் எழுந்து நின்று, "அக்கா, மூணாவது வரி தப்பு" என்றாய். அவள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் என் வீட்டு மேஜையில் நீங்கள் இரண்டு பேரும் உப்புக் குப்பியைக்கூட என் வழியாகத்தான் கேட்டீர்கள். இனி அவள் வேலையில் மூக்கை நுழைக்க மாட்டேன் என்று என்னிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினாய்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். இரண்டு தட்டு ரவியோலி சாப்பிட்டாள். சிரித்தாள். "அம்மா, மே மாசத்துக்கு அப்புறம் நான் ஒரு வீடு பாக்கப் போறேன், பால்கனியோட" என்றாள். அதைக் கெடுக்காதே. பெரிய பெரிய பேராசிரியர்கள் இருக்கிறார்கள். தப்பு இருந்தால் அவர்கள் சொல்லட்டும். தம்பி வாயால் வர வேண்டாம்.

முத்தங்களுடன்,
அம்மா

மிலான்
27 பிப்ரவரி 1977

அன்புள்ள இவோவுக்கு,

மூடுபனியில் டிராம் எது, மரம் எது என்று தெரியவில்லை. மற்றபடி நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், நீ ஒழுங்காக ஒரு கடிதம் எழுதித்தான் இரண்டு மாதம் ஆயிற்றே.

நான் பிரதி அனுப்பினேன். நீ அடைப்புக்குறியைக் கேட்டாய். அதற்கு நான் ஜனவரியில் பதில் போட்டேன், எடுத்துக்காட்டு எளிமையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்று. அதற்கு உன்னிடமிருந்து வந்தது துறைமுகம் படம் போட்ட ஓர் அஞ்சலட்டை. பின்னால், "காற்று பலமாக வீசுகிறது. அடைப்புக்குறியோடும் ஒன்று போட்டுப் பாரேன்." என்ன அர்த்தம், இவோ? இருபத்துமூன்று பக்கத்தில் உனக்குக் கண்ணில் பட்டது என் எடுத்துக்காட்டுதானா? அலங்காரம் போதவில்லையா? நீ பொறாமைப்படுகிறாயா, சலித்துவிட்டாயா, அல்லது படிக்கவே இல்லையா? மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டேன். எதுவும் உன் முகத்துக்குப் பொருந்தவில்லை.

போகட்டும். நம் வழக்கப்படி உன் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன்: "ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த என் தம்பி இவோ கிஸ்லாந்திக்கு நன்றி." அம்மாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். வாயடைத்துப் போய்விட்டாள். சந்தோஷம் போலிருக்கிறது.

மிரெல்லா

ஓர்ஹுஸ்
20 மார்ச் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இருமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது, இப்போதுதான் கிளம்பியது. உன் வயிறு எப்படி?

நான் சலிக்கவில்லை. பொறாமையும் இல்லை. பிரதியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த அடிக்குறிப்பை எடுத்துவிடேன். எனக்கு அவ்வளவு தகுதி இல்லை. ஒவ்வொரு வரியையும் என்பது பெரிய வார்த்தை.

இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள முடியுமா? அச்சுக்கு அனுப்புவதைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கிறேன். காரணம் கேட்காதே. ஈஸ்டருக்குள் ஏதாவது எழுதுவேன்.

இவோ

மிலான்
12 ஏப்ரல் 1977

இவோ,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோதியில் ஈஸ்டர் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். குழு முன்னால் பேச வேண்டியதை அவளிடம் ஒத்திகை பார்த்தேன், புரியாதவள் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகினால் நல்லது என்று. முடித்ததும் கை தட்டினாள். அப்புறம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அதெல்லாம் சரி, அந்த அடைப்புக்குறி சமாச்சாரம் ஒருவழியா முடிஞ்சுதா?"

"எந்த அடைப்புக்குறி?"

"எனக்கென்னடி தெரியும்? இவோதான் ஏதோ..." என்றவள் சட்டென்று கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், பட்டாணித் தோலோடு.

"இவோ என்னம்மா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. போய் அடுப்பைப் பாரு."

அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. மேஜை விரிப்பில் ஒரு பட்டாணி வைத்தேன். பக்கத்தில் வளைந்த தோல் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பட்டாணி. கூட்டல், அடைப்பு, கூட்டல். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டுக்கறி கருகும் வாசனை வந்தது, அப்போதும் எழுந்திருக்கவில்லை. முதல் பட்டாணி தோலுக்கு வழிவிடுகிறது, தோல் இரண்டாவதற்கு. தோலை நடுவிலிருந்து எடுத்தேன். முதலாவது இரண்டாவதற்கு வழிவிடவில்லை. ஐந்து வருஷமாக இதையே தொழிலாக வைத்திருக்கிறேன். முதலாண்டு மாணவனுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற விஷயம்!

அம்மா அழுதாள். ஜனவரியிலேயே உனக்குத் தெரியும் என்றாள். தனக்கும் தெரியும் என்றாள்.

அன்று நாற்பது பேர் முன்னால் என் தப்பைச் சொன்னாய். அவமானமாக இருந்தது. இப்போது இரண்டு பேர் சேர்ந்து என் தப்பைப் போர்த்தி வைத்துக்கொண்டு, பாவம் அவள் சிரிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அது அதைவிடப் பெரிய அவமானம். குழு கூட இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. உனக்கு என்னதான் வேண்டும், இவோ? எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

மிரெல்லா

ஓர்ஹுஸ்
18 ஏப்ரல் 1977

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. வகுப்பை ரத்து செய்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மா வேண்டாம் என்றது உண்மை. அவள் தலையில் போட்டுத் தப்பிக்கப் போவதில்லை. ஓட்டையை மட்டும் கொண்டுவந்து உன்முன் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டையோடு ஒட்டுத்துணியையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஜனவரியிலிருந்து வேறு வேலை எதையும் தொடவில்லை. ஒவ்வொரு வாரமும், இந்த வாரம் கிடைத்துவிடும், எழுதிவிடலாம் என்று தோன்றும். கிடைக்கவில்லை. நாள் போகப் போக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது. உனக்கு நல்லது செய்கிறேனா, எனக்கு நல்லது செய்துகொள்கிறேனா என்பதே கடைசியில் எனக்கு விளங்கவில்லை.

தேற்றம் உண்மை என்றுதான் நினைக்கிறேன். குழுவிடம் என்ன சொல்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். எதைச் செய்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இவோ

மிலான்
9 மே 1977

இவோவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஏணியைப் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

"வாயைத் திறக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைச் சுவரில் எறிந்தேன். காகிதம், அதனால் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மால்வெஸ்தீத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தேற்றம் உண்மைன்னுதானே உங்க தம்பியும் சொல்றாரு? குழுவுல யாரு பதினோராம் பக்கம் வரைக்கும் படிக்கப் போறா? மொதல்ல இடத்தைப் பிடிங்க, நிரூபணத்தை அப்புறம் சரிபண்ணிக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்மேல் அவருக்கு அக்கறை உண்டு. ஒரு வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பால்கனிக்கு என்ன செடி வாங்குவது என்றுகூட யோசித்தேன்.

குழு கூடிய அன்று, பேச்சைத் தொடங்கிய பத்தாவது நிமிஷம் துணைத்தேற்றம் வந்தது. தப்பைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது தேர்வாளர் ஐந்து பேரும் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அம்மாவைப் போல அவர்களுக்கும் புரியவில்லை, அவர்களும் சும்மா இருக்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. பலகையில் கூட்டல், அடைப்பு, கூட்டல் என்று எழுதி, "இந்த இடத்துல என் நிரூபணம் உடைஞ்சுபோச்சு" என்றேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிழவர், "அப்ப தேற்றம் பொய்யா?" என்றார்.

"தெரியல."

"உண்மையா?"

"அதுவும் தெரியல."

"பின்னே எங்களுக்கு என்னதான் சொல்ல வந்தீங்க, சின்யோரா?"

பலகையில் எழுதியதை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். இடம் வானொலி ஆன்டெனா ஆராய்கிற ஒருவருக்குப் போனது. டிராமில் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, அழுது முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்டோபரிலிருந்து கிரேமாவில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்தால் எழுதுகிறேன். தீராவிட்டாலும் எழுதுவேன் என்று நினைக்கிறேன்.

மிரெல்லா

ஓர்ஹுஸ்
2 ஜூன் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

பால்கனியைப் பற்றி அம்மாவிடம் சொன்னாயாமே, அதை நினைத்து இரண்டு நாள் வேலை ஓடவில்லை. நான் சரியான நேரத்தில் பேசியிருந்தால் உனக்கு ஐந்து மாதம் கிடைத்திருக்கும். ஐந்து மாதத்தில் நீ எப்படியும் சரிசெய்திருப்பாய். அந்த இடம் உன்னுடையதாக இருந்திருக்கும். இதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி இல்லை.

இத்துடன் ஆறு பக்கம் வைத்திருக்கிறேன். உன் துணைத்தேற்றம் இல்லாமலே போகிற வழி. இரண்டு மொழிகளும் ஒட்டுகிற இடத்தில் அக்கம்பக்கம் நிற்கிற குறிகளை மட்டும் தனியாகக் கவனிக்கிறேன். சரியாக வந்திருக்கிறது என்று நம்புகிறேன். சரி என்றால் உன் பெயரிலேயே அனுப்பிவிடு. என் பெயர் வேண்டாம். பதில் போட வேண்டும் என்றும் இல்லை.

இவோ

மிலான்
7 ஜூன் 1977

இவோ,

தபால்காரர் பத்து மணிக்குக் கொடுத்தார், இப்போது பன்னிரண்டு. சாப்பிடவில்லை. நீயும் நலம் என்று நினைத்துக்கொண்டு நேராக எழுதுகிறேன்.

தப்பு. மூன்றாம் பக்கம், நடுவில். எந்த இரண்டு குறிகளை எடுத்தாலும் வழிவிடுதல், முந்துதல், சேர்ந்துபோதல் மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும் என்கிறாய். யார் சொன்னது? எண்ணுக்குப் பக்கத்தில் எண் எந்த நாளில் வந்திருக்கிறது? அவை சந்தித்ததே இல்லை. அட்டவணையில் அந்தக் கட்டம் காலி. ஒட்டுகிற இடத்தில்தான் அவை முதல்முறையாகச் சந்திக்கின்றன. நீ பாட்டுக்கு ஏற்கெனவே உறவு இருந்ததுபோல எழுதிக்கொண்டு போகிறாய். நாலாம் பக்கத்திலிருந்து எல்லாம் விழுந்துவிட்டது.

ஆனால் காலிக் கட்டம் என்றால் அதில் என்ன போடுவது என்று நாமே முடிவு செய்யலாம். முட்டாமல் மோதாமல் நிரப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. உனக்குத் தோன்றுவதை எழுது. அரைகுறையாக இருந்தாலும் எழுது. இரண்டு பெயரும் போடுவோம்.

உன் ஆறு பக்கத்தில் இரண்டு பக்கம் நன்றாக இருக்கிறது. நாலு பக்கம் குப்பை. படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதையும் எழுது.

உன் அக்கா,
மிரெல்லா